வேட்டைத் தொப்பி சபையேறிய கதை

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் 6ஆம் எண் கடை, லாக் அண்ட் கோ. 1676இல் தொடங்கிய தொப்பி நிறுவனம். 1765 முதல் இதே வாசல். நெல்சனும் சர்ச்சிலும் இங்கேதான் தொப்பி வாங்கினார்கள். வாடிக்கையாளரின் தலையை அளக்க அங்கே ஒரு பழைய பிரெஞ்சுக் கருவி உண்டு. கன்ஃபார்மத்தர் என்பார்கள். கருவியே ஒரு கறுப்புத் தொப்பியின் வடிவில் இருக்கும். சுற்றிலும் நெருக்கமாக அடுக்கிய சட்டங்கள். தலையில் வைத்ததும் மண்டையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஒவ்வொரு சட்டமும் நகர்ந்துகொடுக்கும். மேல்மூடியை அழுத்தினால் ஊசிகள் ஒரு சின்ன அட்டையைக் குத்தி, அந்தத் தலையின் சுருக்கப் படத்தைப் பதித்துவிடும். அந்த அட்டைகளைப் பார்த்தால் தெரியும், எந்தப் பிரமுகரின் தலையும் வட்டமாக இல்லை.

தலையை அளக்க இவ்வளவு நுட்பம். எந்தச் சபைக்கு எந்தத் தொப்பி என்று அளக்கத்தான் கருவி கிடையாது. அப்பனைப் பார்த்து மகனும் முதலாளியைப் பார்த்து குமாஸ்தாவும் கற்றுக்கொண்ட மரபு அது. ஆனால் ஒழுங்கில்லாத மரபு அல்ல. விறைத்து நிற்கும் தொப்பி, வளைந்துகொடுக்கும் தொப்பிக்கு மேல். கறுப்பு சாம்பலுக்கு மேல், சாம்பல் பழுப்புக்கு மேல். பட்டுக்குக் கீழே ரோமத்தை அழுத்திச் செய்த ஃபெல்ட், வெயில் காலத்து வைக்கோல் அதற்கும் கீழே, கடைசியில் துணி. என்னைக் கேட்டால் பாதி வழக்கை ஒரே கேள்வியில் தீர்த்துவிடலாம்: முகட்டில் கைபட்ட தடம் தெரிகிறதா? முன்பக்கம் இரு விரலால் கிள்ளிய பள்ளம், உச்சியில் உள்ளங்கை அமுக்கிய குழி, இதெல்லாம் கூடக்கூடத் தொப்பியின் மரியாதை குறையும். கையே படாததுபோல் நிற்பது உச்சிப் படி.

அந்த உச்சியில் இருப்பது டாப் ஹாட் என்னும் உயரத் தொப்பி. பருத்தித் துணியில் அரக்குக் கரைசலைப் பூசி, மர அச்சில் சூடாக ஒட்டிக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் பட்டு பிளஷ் துணியைப் போர்த்துவார்கள். பிறகு வெல்வெட் துண்டால் ஒரே திசையில் தேய்த்துத் தேய்த்து மினுமினுப்பை ஏற்றுவார்கள். துரைமார் தலையை விறைப்பாக நிறுத்திய அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. பட்டுக்கு முன்னால் பீவர் என்ற நீர்விலங்கின் ரோமம்தான். வட அமெரிக்க ஆறுகளில் பீவரே அருகிப்போகும் அளவுக்கு ஐரோப்பியத் தலைகள் அதைத் தின்று தீர்த்தன. 1850ஐ ஒட்டி விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் பட்டுத் தொப்பியை அணிய, ஊரும் அவர் பின்னால் போனது. அந்தப் பட்டுத் துணி நெய்வது நின்று பல காலமாகிறது. பழைய தொப்பிகளைத்தான் புதுப்பித்து விற்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

டாப் ஹாட்டுக்குள்ளும் சாதி உண்டு. கறுப்பு பகலுக்கும் ஆகும், இரவு விருந்துக்கும் ஆகும். சாம்பல் பகலுக்கு மட்டும்: கல்யாணம், குதிரைப் பந்தயம். இழவு வீட்டுக்குச் சாம்பல் ஆகவே ஆகாது. இசை நாடகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஸ்பிரிங் வைத்து மடக்கும் ஆப்பெரா ஹாட் இருந்தது. தட்டினால் தட்டையாகி இருக்கைக்கு அடியில் போய்விடும். அஸ்காட் பந்தயத்தின் அரச வளாகத்தில் இன்றும் ஆண்களுக்குக் கறுப்பு அல்லது சாம்பல் டாப் ஹாட் கட்டாயம். அதில் வண்ண நாடா சுற்றி விளையாடவும் அனுமதி இல்லை.

இதைவிட வேடிக்கையானது பிரிட்டிஷ் மக்களவை. வாக்கெடுப்பு நடக்கும்போது ஓர் உறுப்பினர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்ப வேண்டுமானால் உட்கார்ந்தபடி, தலையில் தொப்பியுடன்தான் பேச வேண்டியிருந்தது. யாரும் தொப்பி போட்டு வராத காலத்திலும் விதி மட்டும் மாறவில்லை. ஆகவே அவையிலேயே மடக்குத் தொப்பி ஒன்றை வைத்திருந்தார்கள். கோபத்தில் கொந்தளிக்கும் உறுப்பினர் அதை வாங்கி, விரித்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு நாட்டு நன்மை பேசுவார். 1998இல்தான் அந்த விதியை எடுத்தார்கள்.

இப்படி உச்சியில் உட்கார்ந்திருக்கும் டாப் ஹாட், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் முக்கோணத் தொப்பியைத் தள்ளிவிட்டு வந்தபோது, நாட்டுப்புறத்தில் குதிரையேறும் கனவானின் வட்டத் தொப்பிக்கு வாரிசு. நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஐரோப்பாவில் எந்தத் தொப்பியும் சபைக்கென்று பிறக்கவில்லை. காட்டிலும் மைதானத்திலும் பிறந்து, தனக்குக் கீழே இன்னொரு சாதாரணத் தொப்பி வந்து சேர்ந்ததும் ஒரு படி மேலே ஏறிக்கொள்ளும்.

பௌலர் தொப்பியைப் பாருங்கள். 1849இல் எட்வர்டு கோக் என்ற பிரபு குடும்பத்தவர் இதே லாக் கடைக்கு வந்தார். தம் குடும்பத்தின் வேட்டைக்காட்டுக் காவலர்கள் குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளை தட்டி உயரத் தொப்பிகள் விழுகின்றன; குட்டையாக, கெட்டியாக ஒன்று வேண்டும் என்றார். தேம்ஸுக்குத் தெற்கே சதக்கில் பட்டறை வைத்திருந்த பௌலர் குடும்பம் செய்து கொடுத்தது. கோக் அதைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துப் பார்த்தார், நசுங்கவில்லை, 12 ஷில்லிங் கொடுத்து வாங்கிப் போனார் என்பது கடை மரபில் சொல்லப்படும் கதை. காவல்காரனின் தலைக்கவசம் அடுத்து மேஸ்திரிகளிடம் போனது. பிறகு லண்டன் நகரத்து வங்கிக் கனவான்களின் அடையாளமே ஆனது. சாப்ளின் அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கவைத்ததற்குக் காரணம் கந்தல் கோட்டுக்கு மேல் அந்தக் கண்ணியமான தொப்பி. பொலிவியாவின் அய்மாரா பெண்கள் அதையே தங்கள் நல்லநாள் உடுப்பாக்கிக்கொண்டது தனிக் கதை.

ஹாம்பர்க்கும் அப்படியே. ஜெர்மனியின் பாட் ஹாம்பர்க் ஊருக்கு நீர்ச் சிகிச்சைக்குப் போன வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு, அங்கிருந்த வேட்டைத் தொப்பியை ஊருக்குக் கொண்டுவந்தார். உச்சியில் நீளவாக்கில் ஒரே ஒரு பள்ளம், கிள்ளல் கிடையாது, விளிம்பு சுற்றிலும் மேல்நோக்கிச் சுருண்டு, ஓரத்தில் பட்டுநாடா. 1930களில் ஆண்டனி ஈடன் கறுப்பு ஹாம்பர்க் போட்டே புகழ்பெற்றார். இங்கிலாந்தில் அவர் பெயராலேயே தொப்பியைக் கேட்டு வாங்கினார்கள். 1953இல் ஐசனோவர் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது வழக்கமான டாப் ஹாட்டை விட்டுவிட்டு ஹாம்பர்க்கில் வந்தார். வேட்டைத் தொப்பி பட்டாபிஷேகத்துக்கே வந்துவிட்டது. 1961இல் கென்னடி டாப் ஹாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் தொப்பியே இல்லாமல் பதவியேற்றுத் தொப்பித் தொழிலைக் கொன்றார் என்று இன்றும் சொல்கிறார்கள். தொப்பியோடுதான் வந்தார், பேசும்போது கழற்றினார். தொழில் அதற்கு முன்பே படுத்துவிட்டது. மூடிய காருக்குள் உயரத் தொப்பிக்கு ஏது இடம்?

அடுத்த படி ஃபெடோரா. 1882இல் பாரிஸில் சார்து எழுதிய நாடகத்தின் பெயர் அது. கதாநாயகியாக இந்தத் தொப்பியில் சாரா பெர்னார். முதலில் பெண்கள்தான் போட்டார்கள். நம் கறுப்பு வெள்ளைப் படங்களில் துப்பறியும் நிபுணரும் கடத்தல்காரரும் பேதமில்லாமல் அணிந்தது இதைத்தான். இதற்கு இத்தாலிய மரபே தனி. அலெசாந்திரியா நகரில் 1857இல் தொடங்கிய போர்சலினோ, முயல் ரோமத்தைக் கொதிநீரிலும் அழுத்தத்திலும் பதப்படுத்திக் கைக்கு வழுக்குகிற ஃபெல்ட்டாக்கியது. லண்டன்காரர் விறைப்பைப் போற்றினால் இத்தாலியர் விழுகிற வளைவைப் போற்றினார்கள். குறுகிய விளிம்பு டிரில்பி இதன் தம்பி. கோட்டுக்கு மேல் சரி, விருந்துக்கு உதவாது.

வைக்கோலுக்குப் பருவம்தான் சட்டம். போட்டர் என்ற விறைப்பான வைக்கோல் தொப்பியை அந்தக் காலத்து நியூயார்க்கில் செப்டம்பர் 15க்குப் பிறகு போடக்கூடாது. 1922இல் அந்தக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே இளவட்டங்கள் தெருவில் இறங்கி, போகிறவர் வருகிறவர் தலையிலிருந்து தட்டிவிட்டு மிதிக்கத் தொடங்க, கலவரம் சில நாள் நீடித்தது. எழுதாத விதிக்கு இப்படியும் காவல்காரர்கள் இருந்தார்கள். பனாமா தொப்பி பிறந்தது ஈக்வடாரில். மோன்டேகிரிஸ்தி ஊர்ப் பின்னல் அதில் முதல் தரம். துணித் தொப்பியோ அடித்தளம். 1892இல் தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி பட்டுத் தொப்பி போடாமல் மக்களவைக்குள் நுழைந்ததைப் பத்திரிகைகள் ஒரு கிளர்ச்சி போலவே எழுதின.

நம் நாட்டில் வெயில் இந்தப் படிவரிசையைக் கலைத்தது. பட்டு வேகும், ஃபெல்ட் வேர்க்கும். ஆகவே சோலா தொப்பி. தஞ்சாவூரில் கோவில் உருவங்கள் செய்கிறார்களே, அந்த நெட்டிதான் அதன் உட்சதை. வெயிலுக்குப் பிறந்த அதற்கும் வெள்ளை உறை போட்டு, இறகு செருகி, ஆளுநர்கள் தர்பாருக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் அவர்கள் தொப்பியோடு சேர்த்து, அதைக் கழற்றுவதுதான் மரியாதை என்ற கணக்கையும் கொண்டுவந்தார்கள். நமக்கோ தலைப்பாகை கட்டியிருப்பது மரியாதை. 1893இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர நீதிமன்றத்தில் காந்தியின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார் மாஜிஸ்திரேட்; அவர் மறுத்து வெளியேறினார். அடுத்த ஆண்டு பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி, முதலாளி அடித்து முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி அவர்முன் வந்து நின்றார். ஐரோப்பியர் முன்னால் தலைத்துணியை எடுத்துவிட வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். காந்தி முன்னாலும் அதுவே முறை என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட அந்த முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியைத் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார்.

தலையை மூடியிருப்பதே மரியாதை என்ற கணக்கு நம்மோடு நிற்கவில்லை. லண்டன் கணக்கில் நடுப்படியைத் தாண்டாத கறுப்பு ஃபெடோரா, வைதீக யூதக் குடும்பங்கள் பலவற்றில் உச்சியில் இருக்கிறது. பையனுக்குப் பதின்மூன்று வயதாகிற சமயத்தில் வீட்டார் முதல் தொப்பி வாங்கிக் கொடுக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் போர்சலினோவே வாங்குகிறார்கள். பிரார்த்தனைக்கு நிற்கும்போது அதைக் கழற்றுவதில்லை. கழற்றி வைத்திருந்தாலும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.