மணியின் பக்கத்து வீடு

அமெரிக்க விடுதலையின் 250ஆம் ஆண்டான 2026இல் பிலடெல்பியா நகரம் காட்டத்தக்கது விடுதலை மணி மட்டுமன்று. அதனருகே, குடியரசுத் தலைவர் வாஷிங்டன் வாழ்ந்த வீடிருந்த இடத்தில், 2010இல் திறந்த நினைவிடத்தையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

அவர் அங்கு வைத்திருந்த ஒன்பது அடிமைகளின் பெயர்களும் சுவரில் வெட்டப்பட்டுள்ளன. வெளிமாநிலத்தார் கொணர்ந்த அடிமை ஆறு மாதம் தங்கினால் விடுதலை கோரலாம் என்றது பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டம். கெடு நிறையுமுன் அவர்களை எல்லைக்கு அப்பால் அனுப்பி, மீண்டும் அழைத்துக்கொண்டார் அப்பெருமகன்! அடிமையை உரிமை விடுதல் பேரறமெனக் கற்ற நமக்கு இக்கணக்குக் கசக்கிறது. ஓனா ஜட்ஜ் என்னும் பணிப்பெண் 1796இல் தப்பிச் சென்றார்.

இவற்றை விளக்கிய பலகைகளை 2026 ஜனவரியில் நடுவண் அரசு கழற்றியது. நகராட்சி வழக்குத் தொடுத்தது. கல்லில் வெட்டிய பெயர்களோ அகலவில்லை.