வால்டாக்ஸ் ரோட்டு மிச்ச மரத்தில் என் தையல் அலமாரி

பழைய பர்மாத் தேக்கின் மேல் இழைப்புளி முதல் தடவை ஓடும்போது கிளம்புகிற வாசனையை இதுவரை முகர்ந்ததில்லை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்துவிடுங்கள். மேலே பார்த்தால் காலகாலமாகப் புகையும் சுண்ணாம்பும் அப்பிய கறுப்புக் கட்டை. ஒரே ஒரு இழைப்பு, உள்ளே தேன் நிறத்தில் மரம்! கையில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, மூக்கில் புதுத் தோல் செருப்பும் மசாலாவும் கலந்தாற்போல ஒரு மணம். என் தையல் ரூமில் இப்போது நிற்கிற சின்ன அலமாரி அந்த மரத்தில் ஆனது. அதில் ஒரு பலகைகூடப் புதிதாக வாங்கியது இல்லை. எல்லாமே மிச்சம், எல்லாமே யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியது. நான் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் இப்படி ஒரு சாமான் எந்த பர்னிச்சர் கடையிலும் எனக்குக் கிடைத்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

தையல் ரூம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குப் பின்பக்கம், ரயில் பாதையைப் பார்த்த ஜன்னலோடு ஒரு சின்ன இடம். ஒரு மிதி மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு ஆள், அவ்வளவுதான். ஆனால் பிளவுஸ் தைக்கிறவளிடம் சேருகிற சாமான் இருக்கிறதே! எம்.சி. ரோட்டில் வாங்கிய டூ பை டூ ரூபியா, லைனிங் துணி, நூல் டியூப்கள், பாபின்கள், ஹூக் அட்டை, பட்டன், கேன்வாஸ், மார்க்கிங் சாக், அளவு ஜாக்கெட்டுகள். அதிலும் நூல் பெரிய பாடு. அரக்குச் சிவப்பில் மட்டுமே நாலு சாயல் வேண்டும், ஒன்றை எடுத்தால் இன்னொன்று கட்டிலுக்கு அடியில் உருளும். பிஸ்கட் டப்பாவிலும் மஞ்சள் பையிலும் தேடியே பாதி வேலை நேரம் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் தையல் மிஷின் இல்லாத தெரு கிடையாது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு இலவசத் தையல் மிஷின் தருகிற திட்டம் ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பெரம்பூர் தொகுதியில் 1957, 1967, 1971 என்று ஜெயித்து சட்டசபைக்குப் போன அம்மா அவர். அவர் பெயரில் வந்த மிஷினால் எழுந்து நின்ற குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். இயந்திர மோகத்தைக் கண்டித்த காந்தியடிகள்கூட 1924-இல் ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார். அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் மனைவி சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கியவர். இவ்வளவு பெருமை உள்ள மிஷினுக்குப் பக்கத்தில் பிஸ்கட் டப்பாவை அடுக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி மரத்துக்கு வருகிறேன், அதைப் பற்றிப் பேசத்தானே உட்கார்ந்தேன்!

சென்ட்ரலில் இருந்து எங்கள் பக்கம் வருகிற வால்டாக்ஸ் ரோட்டில் மரக்கடைகள் இருப்பது சென்னையில் வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். புது மரத்தைக் கன அடிக் கணக்கில் விற்பார்கள். ஆனால் ஓரமாகக் குவிந்து கிடக்கும் துண்டு மரம் இருக்கிறதே, அதை எடை போட்டு அடுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். இடித்த வீட்டு மரமும் அந்தக் குவியலில் கலந்து வரும். ஜார்ஜ் டவுன், மண்ணடி, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ் கூரைதான் போட்டிருப்பார்கள். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பூசி, மேலே தட்டோடு பதிப்பார்கள். வீட்டை இடிக்கும்போது அந்தக் கட்டைகள் கீழே வருகின்றன. நீளமானது நல்ல விலைக்குப் போகும். முனை அறுத்த துண்டு எங்களுக்கு.

"இன்னா யக்கா, அடுப்புக்கா?" என்றான் கடைப் பையன்.

"இல்லப்பா, அலமாரிக்கு."

அவன் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் குவியலைக் கிளறி, வெளியே கிடந்ததைவிட நல்ல துண்டு நாலு எடுத்து வந்து போட்டான். அந்த நிமிஷத்தில் அவனுக்கு என் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன்.

அந்த மரம் வந்த வழியை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. பர்மாக் காட்டில் தேக்கை உடனே வெட்டமாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதுதான் காரணம். காய்ந்த பிறகு வெட்டி, யானையை விட்டு இழுத்து ஆற்றில் தள்ளி, மிதக்கவிட்டே ரங்கூனுக்கும் மௌல்மேனுக்கும் கொண்டு வந்து கப்பல் ஏற்றினார்கள். அங்கிருந்து வங்கக் கடலைத் தாண்டி மதராஸ். 2014 ஏப்ரலில் இருந்து மியான்மர் உருட்டு மரம் ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட மரம் எடைக்கு எடை விறகாகப் போகிறது என்றால் எப்படிப் பொறுப்பது?

முதுகுப் பலகைக்கும் இழுப்பறை அடிப்பாகத்துக்கும் தேக்கை வீணாக்க வேண்டாம் என்று பேக்கிங் கட்டை எடுத்தேன். துறைமுகம் பக்கத்தில் இருப்பதன் அருமை இதில் தெரியும். கப்பலில் மிஷின் வந்திறங்கும் பெட்டிகளையும் பேலட்டுகளையும் உடைத்து விற்கிறார்கள். வெளுத்த பைன் மரம், லேசானது, ஆணி அடிக்க இதமானது. ஒன்று மட்டும் கண்ணை வைத்துப் பார்த்து எடுங்கள். வெளிநாட்டுப் பெட்டி மரத்தில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருக்கும். பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க 2002-இல் வந்த உலக விதி அது. முத்திரையில் ஹெச்.டி. என்று இருந்தால், மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிஷம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். தாராளமாக வீட்டுக்குள் கொண்டு வரலாம். எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. குழந்தை உடுத்துகிற துணி வைக்கும் இடத்தில் அது எனக்கு வேண்டாம். நான் எடுத்த ஒரு பலகையில் நியூசிலாந்தின் எழுத்து இருக்கிறது. அந்த முத்திரையை இழைத்து அழிக்காமல் வெளியே தெரியும்படி பொருத்தினேன். என் அலமாரிக்குள் பர்மாவும் நியூசிலாந்தும் தோள் சேர்த்து நிற்கின்றன!

காசிமேட்டில் உடைக்கிற படகு மரம் சும்மாவே கிடைக்கும், எடுத்துக்கொள் என்றார்கள். அழகான மரம்தான், ஆனால் தொடவில்லை. உப்பு ஊறிய மரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குள் ஊசியும் பாபினும் வைத்தால் துருப்பிடிப்பது நிச்சயம்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டுப் பெரியவர். பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில் மர வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தெருவே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். நான் காகிதத்தில் படம் போட்டு, அகலம் இத்தனை ஆழம் இத்தனை என்று எழுதிக் காட்டினேன். அவர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"மரத்தப் பாத்து அளவ முடிவு பண்ணு கண்ணு. அளவப் பாத்து மரம் வாங்குறது காசு இருக்கிறவன் வேல."

நான் துணி வெட்டுவதும் அப்படித்தானே! கட் பீஸை விரித்துப் பார்த்து, இதில் கை நீளம் எவ்வளவு வரும் என்று யோசிக்கிறவளுக்கு அது உடனே புரிந்தது. கட்டைகளை மில்லில் கொடுத்து அறுத்தோம். அறுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஆணியையும் தேடிப் பிடுங்க வேண்டும், ஓர் ஆணி இருந்தால் போதும், ரம்பத்தின் பல் போய்விடும். நைனா காந்தக் கட்டியை நூலில் கட்டி மரத்தின்மேல் தொங்கவிட்டு நடத்தினார். அது எங்கே இழுக்கிறதோ அங்கே ஆணி. அறுத்து இழைத்த பிறகு நாலு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பலகைகள் நின்றன. இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் ஏழரை அங்குல ஆழம். மரம் கொடுத்த அளவு அது, மடித்த பிளவுஸ் துணிக்கு அச்சாகப் பொருந்தியது. ஒட்டிய பலகையை இறுக்கிப் பிடிக்க விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் குச்சியைச் செருகி முறுக்கினால் என்ன இறுக்கம் என்கிறீர்கள்!

தட்டுகளுக்கு ஆணியே இல்லை. பக்கப் பலகையில் உளியால் காடி எடுத்து, தட்டின் முனையை அதில் தட்டி இறக்கினோம். காடி சரியாக அமைந்தால் கொட்டாப்புளியால் கடைசி அடி விழும்போது சத்தம் மாறும். டொக் டொக் என்று வந்துகொண்டே இருந்தது திடீரென்று தம் என்று ஒரே கட்டையின் குரலாகிவிடும். அந்தத் தம் சத்தத்துக்காகவே நான் இன்னும் நாலு அலமாரி செய்வேன்.

கதவின் உள்பக்கம்தான் எனக்குக் கிரீடம். அங்கே நூல் டியூப்களுக்கு வரிசை வரிசையாக மூங்கில் குச்சி பதித்திருக்கிறேன். பேசின் பிரிட்ஜில் அரக்கோணம் பாதை, கூடூர் பாதை, பீச் பாதை எல்லாம் பிரிகின்றன, வண்டி போகாத நேரம் இல்லை. சரக்கு வண்டி போனால் எங்கள் வீட்டுச் சுவரே அதிரும், குச்சி நேராக இருந்தால் நூல் நழுவி விழுந்துவிடும். அதனால் துளை போடும்போதே துரப்பணத்தைச் சாய்த்துப் பிடித்து, குச்சி எல்லாம் மேல்நோக்கிப் பார்க்கும்படி வைத்தோம். இப்போது எந்த வண்டி போனாலும் ஒரு டியூப் அசைவதில்லை. கதவைத் திறந்தால் வெள்ளையில் தொடங்கி, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அரக்கு, கத்தரிப்பூ, நீலம், பச்சை என்று கறுப்பு வரை மொத்த நிறமும் ஒரே பார்வையில். நாலு அரக்குச் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில்! அளவு கொடுக்க வருகிற பெண்கள் முதலில் கதவைத் திறக்கச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

மழைக்காலத்தை மறந்து இந்த ஊரில் மர வேலை செய்யவே கூடாது. மரம் நீளவாக்கில் அசையாது, அகலத்தில்தான் உப்பும். ஐப்பசி கார்த்திகையில் கடல் காற்றும் பக்கிங்ஹாம் கால்வாய் ஈரமும் சேர்ந்து இழுப்பறையை இறுகப் பிடித்துக்கொள்ளும். நைனா இழுப்பறைக்குச் சுற்றிலும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இடம் விட்டார். முதுகுப் பலகையையும் ஒட்டாமல் காடிக்குள் சும்மா நிறுத்தினார், உப்பினால் உப்பிக்கொள்ளட்டும் என்று. ஓடுகிற இடத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தோம். போன மழையில் ஊரே ஊறிக் கிடந்தபோது என் இழுப்பறை ஒரு விரலில் திறந்தது. கீலும் ஸ்க்ரூவும் பித்தளை, பழைய சாமான் கடையில் கிடைத்தவை. எண்ணூரில் இருந்து இங்கே வரைக்கும் இரும்பை அரிக்கிற காற்றுக்கு அதுதான் பதில்.

பாலிஷ் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். வெளியே லின்சீட் ஆயிலை டர்பண்டைனில் கலந்து பழந்துணியால் தேய்த்தேன், மரத்தின் ரேகை ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. ஆனால் உள்ளே எண்ணெய் கூடவே கூடாது. மூடிய இடத்தில் எண்ணெய் வாசனை போகாது, வெள்ளைத் துணியில் கறையும் ஏறும். உள்ளே அரக்குதான். சுருள் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து மெல்லியதாக மூன்று பூச்சு. ஜார்க்கண்டுக் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டுகிற அரக்கு அது, உலகத்துக்கே நம் நாடு கொடுக்கிற பொருள். ஸ்பிரிட் பறந்ததும் வாசனையும் போய்விடுகிறது, கறை கிடையாது, தொட்டால் பட்டு.

மிச்சத்திலும் மிச்சம் விழுந்தது. விரல் நீளத் துண்டுகளில் பட்டன் பெட்டிக்குத் தடுப்பு, கத்தரிக்கோல் நிற்க ஒரு கூடு, மார்க்கிங் சாக் வைக்கக் குழித்த தட்டு. மரத்தூளைக்கூட விடவில்லை, சல்லடையில் சலித்து, ஃபெவிகாலில் குழைத்து, பழைய ஆணித் துளைகளை அடைத்தேன். இரண்டு துளையை மட்டும் அடைக்காமல் விட்டேன், சுற்றிலும் கறுத்த வளையத்தோடு அவ்வளவு அழகு.

நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா சேலைக்கு ஃபால்ஸும் பீகோவும் அடிக்கிறவர். அலமாரியைப் பார்த்துவிட்டுப் போனவர் அன்று சாயங்காலமே அளவு டேப்போடு திரும்பி வந்துவிட்டார். அவரிடம் இருப்பது டியூப் இல்லை, பெரிய கோன் நூல். அதற்குக் குச்சி இன்னும் தடிமனாக, நெருக்கம் குறைவாக வேண்டும், கதவும் கனம் தாங்க மூன்று கீல் போட வேண்டும். நைனா இப்போதே வாசலில் உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். கடைப் பையனுக்கும் சொல்லிவிட்டோம், நல்ல துண்டு வந்தால் அடுப்புக்குக் கொடுக்காமல் எடுத்து வை, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறோம் என்று.