விக்கா சமயத்தில் சடங்குப் பெயர்: ஓர் இறையியல் மதிப்பீடு

1949-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘ஹை மேஜிக்ஸ் எய்டு’ என்னும் புதினம் வெளிவந்தது. அதன் ஆசிரியர் ‘ஸ்கீரே’ என்ற பெயரால் குறிக்கப்பட்டிருந்தார். இலத்தீனில் ‘அறிதல்’ என்று பொருள்படும் இச்சொல், ஜெரால்டு கார்ட்னர் என்பாரின் சடங்குப் பெயர். 1954-இல் அவரே ‘விட்ச்கிராஃப்ட் டுடே’ என்னும் நூலைத் தம் இயற்பெயரில் வெளியிட்டார். இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட 1951-இல் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் நீக்கப்பட்டது. அச்சம் நீங்கியது, முகமூடியும் கழன்றது என்று இதை விளக்குவது எளிது. ஆனால் அவ்விளக்கம் பாதி உண்மையே. சட்டம் நீங்கிய பின்னரும் அவரைப் பின்பற்றியோர் மறைபெயர்களைச் சூடிக்கொண்டே வந்தனர், இன்றும் சூடுகின்றனர். அச்சத்தால் தோன்றியதாகச் சொல்லப்படும் வழக்கம், அச்சம் நீங்கிய பின்னும் ஏன் தொடர்கிறது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

விக்கா என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான ஒரு சமய இயக்கம். அதை உலகறியச் செய்த கார்ட்னர் (1884–1964) இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பணியாற்றியவர். பின்னர் மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936-இல் ஓய்வுபெற்றார். நியூ ஃபாரஸ்ட் பகுதியில் பழஞ்சூனியக்காரர் குழு ஒன்று 1939-இல் தம்மைச் சேர்த்துக்கொண்டதாக அவர் கூறினார். இவ்வியக்கத்தினர் ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஆண் தெய்வத்தையும் வழிபடுகின்றனர். அவர்கள் சாத்தானை வணங்குபவரல்லர். சாத்தானைப் பற்றிய கோட்பாடே அவர்களிடம் இல்லை. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 13,000 பேர் தம் சமயம் விக்கா எனப் பதிந்துள்ளனர்.

சேர்க்கைச் சடங்கு மூன்று படிகளைக் கொண்டது. முதற்படியிலோ இரண்டாம் படியிலோ, குழுவுக்குக் குழு மாறுபட்டு, உறுப்பினர் ஒரு புதுப்பெயரை ஏற்கிறார். வட்டத்துக்குள் நான்கு திசைகளையும் நோக்கி அப்பெயர் அறிவிக்கப்படுகிறது. அதன்பின் வட்டத்துக்குள் அவருக்கு அதுவே பெயர். கார்ட்னரால் 1953-இல் சேர்க்கப்பெற்று, அவ்வியக்கத்தின் வழிபாட்டு உரைகளுள் பலவற்றை ஆக்கிய டோரீன் வேலியன்ட் சூடிய பெயர் ‘அமெத்’. எபிரேயம் பயிலும் நம் மாணவர் செவியில் இது ‘உண்மை’ என்று பொருள்படும் ‘எமெத்’ என்றே ஒலிக்கும்.

இவ்வழக்கத்தின் ஊற்றுகளுள் ஒன்று அனைவரும் அறிந்தது. 1888-இல் இலண்டனில் தோன்றிய ‘கோல்டன் டான்’ என்னும் மறைஞானச் சங்கத்தில் ஒவ்வோர் உறுப்பினரும் பெரும்பாலும் இலத்தீனில் ஒரு கொள்கைச் சொல்லைப் பெயராக ஏற்றனர். 1898-இல் அதில் சேர்ந்த அலிஸ்டர் குரோலி ‘பெர்துராபோ’ ஆனார். ‘நான் முடிவுபரியந்தம் நிலைத்திருப்பேன்’ என்பது அதன் பொருள். குரோலி பிளிமத் சகோதரர் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவர். தந்தை ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தவர். மாற்கு 13:13-இன் வாக்குறுதியை அவர் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருப்பார். அங்கே நிலைத்திருப்பவனுக்கு மீட்பு அருளப்படுகிறது; இங்கே அருள்பவர் மறைந்துபோக, ‘நான்’ மட்டும் எஞ்சுகிறது. 1947-இல் கார்ட்னர் குரோலியைச் சந்தித்தார் என்பதும் அறிந்த செய்தி.

மற்றோர் ஊற்று அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. அது நம்மை நேரடியாகத் தொடுவது.

1662-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், ஸ்காட்லாந்தின் ஆல்டெர்ன் என்னும் ஊரில் இசபெல் கௌடி என்ற பெண் நான்கு வாக்குமூலங்கள் அளித்தாள். அவற்றைக் கேட்டவர்களுள் அவ்வூர்ச் சபையின் ஆயரும் ஒருவர். இரவில் ஆல்டெர்ன் திருச்சபைக் கட்டடத்திலேயே பிசாசைச் சந்தித்ததாகவும், அவன் கையில் கரிய நூலொன்றுடன் வாசகர் மேடையில் நின்றதாகவும், தன் திருமுழுக்கை அங்கே மறுதலித்ததாகவும் அவள் கூறினாள். பிசாசு அவள் தோளில் அடையாளமிட்டு, அக்குருதியைத் தலையில் தெளித்து, ‘ஜேனட்’ என்ற பெயரால் அவளுக்கு மறுமுழுக்குக் கொடுத்தானாம். அவள் தோழியருக்கும் வேடிக்கையான பட்டப்பெயர்கள் இருந்தன. ‘மதிலுக்கு அப்பால் வீசு’ என்று பொருள்படும் பெயர் அவற்றுள் ஒன்று. அவளுக்கு இறுதியில் என்ன நேர்ந்தது என்பது பதிவேடுகளில் இல்லை.

இச்சித்திரத்தை வரைந்தது யார்? தெளிக்கும் நீர், மேடை, நூல், பெயர் சொல்லி அளிக்கும் முழுக்கு யாவும் நம் வழிபாட்டு முறையின் தலைகீழ் நிழல்கள். சூனியக்காரி திருமுழுக்கை மறுத்துப் பிசாசிடம் புதுப்பெயர் பெறுகிறாள் என்பது அக்காலப் பேயியல் நூல்களின் பாடம். அப்பாடத்தை மனத்தில் கொண்டு கேள்வி கேட்டவர்கள், எதிர்பார்த்த விடையையே பெற்றனர். கௌடியின் கற்பனை வளமும் அதில் கலந்திருக்கலாம். ஆயினும் அச்சு நம்முடையது.

1921-இல் மார்கரெட் மரே தம் ‘மேற்கு ஐரோப்பாவில் சூனிய வழிபாடு’ என்னும் நூலில் இத்தகைய வாக்குமூலங்களை உண்மையான பழஞ்சமயம் ஒன்றின் ஆவணங்களாகக் கொண்டார். சேர்க்கைச் சடங்கில் மறுதலிப்பு, உடன்படிக்கை, முழுக்கு, அடையாளம் எனப் பகுத்து விளக்கினார். குழுவுக்குப் பதின்மூவர் என்ற எண்ணுக்கும் கௌடியின் கூற்றே அவருக்கு முக்கியச் சான்று. பிற்கால வரலாற்றாசிரியர் அவர் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் 1954-இல் கார்ட்னரின் நூலுக்கு முன்னுரை எழுதியவர் இதே மரே. ஆக, திருச்சபையின் கட்டிலிருந்து விடுதலைபெற்றதன் அறிகுறியாக இன்று ஒருவர் சூடும் மறைபெயரில், ஓர் இழை நம் முன்னோரான ஆயர்களின் எழுதுகோலிலிருந்து வந்தது. விக்காவினர் இதை விரும்பமாட்டார்கள், நாமும் விரும்பப்போவதில்லை.

கார்ட்னர் காட்டிய ‘பழஞ்சட்டங்கள்’ இதற்கு மேலும் ஒளி தருகின்றன. 1957-ஆம் ஆண்டளவில் அவருடைய விளம்பர ஆசையை வேலியன்டும் பிறரும் கண்டித்தபோது, தொன்மையானவை என்று கூறி அவர் இவற்றை எடுத்துக்காட்டினார். உறுப்பினர் பெயரை வெளியாருக்குச் சொல்லலாகாது, சித்திரவதைக்குள்ளானாலும் காட்டிக்கொடுக்கலாகாது என்பன அவற்றின் சாரம். அவை எரியூட்டுக்கு அஞ்சுவோரின் குரலில் பேசுகின்றன. ஆனால் இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தண்டனை தூக்கே. எரியூட்டல் ஸ்காட்லாந்துக்கும் ஐரோப்பியப் பெருநிலத்துக்கும் உரியது. வேலியன்ட் அச்சட்டங்களை நம்பாமல் பிரிந்து சென்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

பிறர் பட்ட துன்பத்தை நம் பெயருக்கு அணியாக்கிக்கொள்ளுதல் எளிதாக மன்னிக்கத்தக்கதன்று. ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர் தொகை நாற்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை என மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் தம்மைக் கிறித்தவர் என்றே எண்ணியவர். ‘சூனியக்காரி’ என்பது அண்டை வீட்டாரும் நீதிமன்றமும் அவர்கள்மேல் சுமத்திய பெயர். உடன் இருந்தவர் பெயர்களைச் சொல் என்று கேட்டே அவர்கள் வதைக்கப்பட்டனர். அவர்கள் காக்க விரும்பியது ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரையே அன்றி மறைபெயர் எதையும் அன்று.

இனி நம் பக்கம். விக்காவின் பெயர் தானே தேர்ந்தது, நம்முடையது அருளப்பட்டது என்று மேடையில் எளிதாக வேறுபடுத்திவிடலாம். ஆனால் நம் சபைகளில் திருமுழுக்கு பெயரிடு விழாவாகவே பெரும்பாலும் விளங்கிக்கொள்ளப்படுகிறது. குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்கும் உறவினர், எந்தப் பெயருக்குள் அக்குழந்தை முழுக்காட்டப்படுகிறது என்று கேட்பதில்லை. மத்தேயு 28:19-இல் சொல்லப்படும் பெயர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயர். முழுக்குப் பெறுபவரின் பெயர் அங்கே பேசப்படவே இல்லை. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை ஹென்றி ஆல்பிரெட் ஆனார். ஆனால் தமிழுலகம் அவரைக் கிருஷ்ணபிள்ளையாகவே அறிகிறது. இரட்சணிய யாத்திரிகத்தை எழுதியவரின் விசுவாசம் அதனால் குறைந்துவிடவில்லை.

மேலும், தந்தை இட்ட பெயரையும் கணவன் வழி வந்த பெயரையும் சுமந்து களைத்த பெண்களுக்கு, தாமே ஏற்ற ஒரு பெயர் மூச்சுவிட இடம் தந்தது. 1979-இல் ‘சுழல் நடனம்’ என்னும் நூலை எழுதிய அமெரிக்கப் பெண்மணி, மிரியம் சைமோஸ் என்ற இயற்பெயரை விடுத்து ‘ஸ்டார்ஹாக்’ என்றே எழுதினார். அப்பெயர் மறைவாகவன்றி வெளிப்படையாகவே வழங்குகிறது. முதலில் எழுப்பிய வினாவுக்கு இதுவும் ஒரு விடை. அச்சம் போனபின்னும் பெயர் நிற்பதற்குக் காரணம், எவரேனும் தன்னைப் புதிதாய் அழைக்கவேண்டும் என்னும் ஏக்கம். யாப்போக்கு ஆற்றின் கரையில் அவ்வேக்கம் அறியப்பட்டது. அங்கே யாக்கோபு தன் பழைய பெயரைத் தானே அறிக்கையிட்ட பின்னரே புதிய பெயர் வந்தது (ஆதியாகமம் 32:27, 28). வெளிப்படுத்தின விசேஷம் 2:17-இல் வெண்கல்லில் எழுதப்பட்ட பெயரும் மறைபெயரே. பெறுகிறவனைத் தவிர ஒருவரும் அறியாதது. மறைவு என்பதையே காரணமாக்கி விக்காவைக் கடியும் துண்டுப் பிரசுரங்கள் இவ்வசனத்தை என்ன செய்யும் என்று தெரியவில்லை. அங்கே எழுதும் கை பெறுகிறவனுடைய கை அன்று. ஸ்கீரேக்கும் பெர்துராபோவுக்கும் நாம் சொல்லக்கூடிய மறுப்பு இந்த ஓரிடத்தில்தான் நிற்கிறது. அதையும் ஆல்டெர்ன் ஆயர் எழுதுகோல் பிடித்த கையை மறவாமல் சொல்லவேண்டும்.