கஞ்சத்தனமான குரல்

ஓபரா மேடையில் மைக் கிடையாது. முழு வாத்தியக் குழுவையும் தாண்டி, கடைசி வரிசைவரை குரல் தன் பலத்திலேயே போய்ச் சேரவேண்டும். கனமான வேடங்களை அவசரப்பட்டு ஏற்று, சீக்கிரமே குரலைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர்.

ஆல்ஃப்ரெடோ கிரவுஸ் அப்படிச் செய்யவில்லை. கேனரித் தீவுகளில் 1927இல் பிறந்த ஸ்பானியர், பொறியியல் படித்தவர். 1956இல் கெய்ரோவில், வெர்டியின் 'ரிகொலெட்டோ'வில் கோமகனாக மேடையேறினார். பிறகு தன் மெல்லிய டெனர் (உச்ச ஆண்குரல்) குரலுக்குப் பொருந்திய சில வேடங்களையே திரும்பத் திரும்பப் பாடினார். அறுபதைத் தாண்டியும் மேல்ஸ்தாயி பிசிறவில்லை. இன்னொரு டெனரான பாவரொட்டி அளவுக்குப் புகழ் சேரவில்லைதான், போகட்டும். மாஸ்னேயின் 'வெர்தர்' ஓபராவை அவர் பாடிய பதிவைக் கேளுங்கள்: நீண்ட வரியை முடித்த பிறகும் கொஞ்சம் மூச்சை மிச்சம் வைத்திருப்பார்.