பாஸ்பீன்: கிடங்கில் சரி, வீட்டில் கூடாது

அரிசி ஆலைகளிலும் அரசுக் கிடங்குகளிலும் வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று 3 கிராம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளிவிடும். மூட்டை அட்டியைத் தார்ப்பாயால் போர்த்தி, ஓரத்தில் மணல் பைகளை அடுக்கிவிட்டால், நடு மூட்டையின் உள்ளே ஒளிந்த புழுவையும் அது தேடிப் பிடித்துவிடும். இதற்குப் போட்டியாக இருந்த மெத்தில் புரோமைடு ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2015-இல் வளரும் நாடுகளிலும் விலக்கப்பட்டது. ஏற்றுமதிச் சரக்குக்கும் தொற்றுத்தடுப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. சல்ஃபியூரைல் ஃபுளோரைடோ புவியைச் சூடாக்கும் வாயு. நைட்ரஜன் நிரப்பலாம்தான், அதற்குக் காற்றுப் புகாத கட்டடம் வேண்டும். நம் கிடங்குகளில் எத்தனை அப்படிப்பட்டவை?

பயன் பெரிது. ஆபத்தை எடை போடும்போதுதான் நாம் தடுமாறுகிறோம். எரியும் வாயு என்றதும் தீயை நினைத்துப் பயப்படுகிறோம். காற்றில் சுமார் 1.8 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 18,000 பங்கு சேர்ந்தால்தான் பாஸ்பீன் தீப்பற்றும். தார்ப்பாய்க்குள் வழக்கமாக இருப்பது சில நூறு பங்கு. மாத்திரைகளைக் குவித்து வைத்தாலோ தண்ணீர் பட்டாலோ மட்டும் நெருப்பு வரும். அதை அடக்கவே மாத்திரையில் அம்மோனியம் கார்பமேட்டைக் கலக்கிறார்கள்.

நஞ்சின் கணக்கு வேறு. வேலை செய்யும் இடத்தில் அமெரிக்க விதி அனுமதிப்பது பத்து லட்சத்தில் 0.3 பங்கு, 50 பங்கு என்றால் உடனடி உயிராபத்து. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே அது தடுக்கிறது. மாற்று மருந்து கிடையாது. பூண்டு நாற்றம் காட்டிக்கொடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தூய பாஸ்பீனுக்கு மணமே இல்லை. நாறுவது அதிலுள்ள மாசு. அந்த மாசைத் தானியம் உறிஞ்சிவிட்டால், வாசனை போன பிறகும் வாயு இருக்கும். மூக்கை நம்பி அட்டிக்குள் தலையை நுழைப்பது தற்கொலைக்குச் சமம்.

கசிவு ஆளை மட்டும் தாக்குவதில்லை என்பதை மேலாளர்கள் கவனிப்பதாகத் தெரியவில்லை. கிழிந்த தார்ப்பாய்க்குள் வாயுவின் அடர்த்தி குறைகிறது. வலுவான வண்டு பிழைத்து இனம் பெருக்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு எடுத்த ஆய்விலேயே எதிர்ப்புத்திறன் பெற்ற பூச்சிகள் அகப்பட்டன. தானியத் துளைப்பான் இன்று அவற்றில் முரடான ஒன்று. ஏழு நாள் மூடி வைக்க வேண்டியதை நான்கே நாளில் பிரிப்பவர், அடுத்த முறை கூடுதல் மாத்திரை கேட்பார்.

வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு இதை வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. சுவர் விரிசல் வழியே அடுத்த அறைக்குப் போகும் வாயு இது. 10, 20 மாத்திரைகள் கொண்ட குழாய்ப் பொதிகளை இந்தியா 2001-இல் தடை செய்தது சரியான முடிவு. விற்பனையைப் பயிற்சி பெற்றவர்களோடு நிறுத்தும் விதியும் சரிதான். ஆனால் கடையில் கை நீட்டினால் மாத்திரை கிடைக்கும் வரை விதி ஏட்டில்தான் இருக்கும்.

ஆகவே பாஸ்பீனைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வாயுமானி இல்லாத, தார்ப்பாய் ஓட்டையைச் சோதிக்காத கிடங்குக்கு மாத்திரை கொடுக்கவே கூடாது என்பேன்.