ஓகேயை ரசிப்பது எப்படி?

படம் எப்படி என்று கேட்டால் நண்பர் "ஓகே" என்கிறார். டிக்கெட் எடுக்கும் ஆசை அங்கேயே பாதி போய்விடுகிறது. வண்டியிலிருந்து விழுந்தவர் "நான் ஓகே" என்கிறார். நமக்கு உயிர் திரும்பி வருகிறது. அமெரிக்க ஆங்கிலம் உலகத்துக்குக் கொடுத்த சொற்களில் இதற்கு ஈடு இல்லை என்பது என் கட்சி.

ரசிக்க வேண்டுமானால் முதலில் பிறப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். 1830களின் கடைசியில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டுப் பித்து இருந்தது. தொடர்களை முதலெழுத்துகளாகச் சுருக்குவார்கள். அதையும் வேண்டுமென்றே எழுத்துப் பிழையோடு செய்வார்கள். 1839 மார்ச் 23ஆம் தேதி 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' இதழில் 'ஆல் கரெக்ட்' என்பது 'ஓ.கே.' என்று அச்சானது. 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'ஓ', 'சி' வரவேண்டிய இடத்தில் 'கே'. எல்லாம் சரி என்று அறிவிக்கும் சுருக்கத்தில் இரண்டு எழுத்துமே தப்பு! நகைச்சுவையே அதுதான்.

கூடப் பிறந்த சுருக்கங்கள் பெரும்பாலும் மாண்டுபோயின. இதைத் தூக்கிவிட்டது 1840 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். மறுபடியும் போட்டியிட்ட ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் கிண்டர்ஹூக். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்ற பட்டப்பெயரைச் சுருக்கி ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் வைத்தார்கள். அவர் தோற்றார், சொல் நிலைத்தது. அதன் பிறப்பைப் பற்றி, செவ்விந்தியச் சொல், அது இது என்று பின்னால் கிளம்பிய கதைகளுக்குக் கணக்கில்லை. ஆலன் வாக்கர் ரீட் என்ற அறிஞர் 1960களில் பழைய செய்தித்தாள்களைத் துருவித்தான் உண்மையை வெளியே எடுத்தார்.

அடுத்து, காதைத் தீட்டுங்கள். ஓகே சம்மதிக்கும், பாராட்டாது. இந்தக் கஞ்சத்தனத்தில்தான் அதன் அழகு. மேலதிகாரி நம் அறிக்கையைப் புரட்டிவிட்டு "ஓகே" என்றால், வேலை முடிந்தது, சபாஷ் கிடைக்கவில்லை. ஆங்கிலப் படம் பார்க்கும்போது கவனியுங்கள்: பேச்சைத் தொடங்க ஓர் ஓகே, குரலை உயர்த்தி எதிராளியிடம் ஒப்புதல் வாங்க ஓர் ஓகே, பேச்சை வெட்ட ஓர் ஓகே. சப்டைட்டிலில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள்.

கம்ப்யூட்டர் திரையில் இருக்கும் ஓகே பொத்தானுக்கும் ஒரு கதை உண்டு. ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கியவர்கள் ஓகே ரொம்பக் கொச்சையாக இருக்கிறதென்று முதலில் ஒதுக்கி, 'செய்' என்ற பொருளில் 'டூ இட்' என்று போட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கு அது 'டோல்ட்', அதாவது மடையன், என்று தெரிந்தது. கணினி எதற்கு என்னைத் திட்டுகிறது என்று அவர் கடுப்பானார். வேறு வழியில்லாமல் ஓகேயையே கூப்பிட்டார்கள்.

நம் ஊர் சங்கதி ஒன்று மிச்சம். "ஓகே ஓகே" என்று இரட்டித்தால், "புரிஞ்சுது, நிறுத்து" என்று அர்த்தம். 2012இல் வந்த 'ஒரு கல் ஒரு கண்ணாடி' படத்தை முதலெழுத்துகளால் நாம் ஓகே ஓகே ஆக்கினோமே, அந்த பாஸ்டன்காரர்கள் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.