குருத்துக் கலமும் மருத்துவ அறமும்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ உலகிற் பேரெதிர்பார்ப்பைத் தோற்றுவித்த துறைகளுள் ஒன்று குருத்துக் கல ஆராய்ச்சியாகும். ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் எனப்படும் இக்கலம், தன்னைப் போன்ற கலங்களைப் பெருக்கவும், வேறுவேறு தொழில் பூண்ட கலங்களைத் தோற்றுவிக்கவும் வல்லது. பழுதுற்ற உறுப்பை வெட்டி நீக்குவதும் மருந்தினால் தாங்குவதுமாக இருந்த வைத்தியம், அவ்வுறுப்பைப் புதுக்கவும் கூடும் என்று எண்ணத் தலைப்பட்டது இதனாலேயே. இவ்வெண்ணம் வெறுங் கற்பனையன்று. குருதிப் புற்றுநோயாளர்க்கு என்பு மச்சை மாற்றீடு செய்யும் முறை குருத்துக் கலங்களின் ஆற்றலாலேயே பயன் தருகின்றது. அம்முறையை வளர்த்தெடுத்த டொனால் தோமஸ் 1990ஆம் ஆண்டின் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

எனினும், 1998இல் விஸ்கொன்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜேம்ஸ் தொம்சன் மனித முளையத்திலிருந்து குருத்துக் கலங்களைப் பிரித்து வளர்த்தபோது பெருவாதம் மூண்டது. கலங்களைப் பெறும்போது முளையம் அழிந்துவிடுகின்றது. அம்முளையம் மனிதனா, வெறுங் கலத்திரளா என்பதே வினா. இங்கிலாந்தில் மேரி வோனொக் தலைமையில் அமைந்த குழு, பதினான்கு நாள்களுக்கு மேல் முளையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்தல் ஆகாதென 1984இலேயே வரம்பு கூறியிருந்தது. 1990இல் அது சட்டமாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ், 2001 ஆகஸ்ட் 9ஆந் திகதிக்கு முன் உண்டாக்கப்பட்ட கல வரிசைகளுக்கு மட்டுமே அரசின் நிதியை அனுமதித்தார். பின்னர் யப்பானிய அறிஞர் ஷின்யா யமனாக்கா நான்கு மரபலகுகளைப் புகுத்தி, வளர்ந்த உடற்கலத்தையே குருத்து நிலைக்கு மீட்டார். எலியில் 2006இலும் மனிதனில் 2007இலும் இது நிறைவேறியது. 2012இல் ஜோன் கேடனுடன் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முளையத்தை அழியாமலே குருத்துக் கலம் பெறலாம் என்றானதும், அறப்பிரச்சினை தீர்ந்தது எனப் பலர் கருதினர்.

இம்முடிபு ஏற்கத்தக்கதன்று. முளையம் பற்றிய வாதம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அறம் வேறோரிடத்தில் முறிந்தது. தென் கொரியாவின் சியோல் தேசிய சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹுவாங் ஊ-சுக் என்பார், உடற்கலத்தின் கருவைச் சூல்முட்டையிற் புகுத்திக் குருத்துக் கலங்களைப் பெற்றதாக 2004இலும், நோயாளர்க்கே பொருந்தும் பதினொரு கல வரிசைகளை உண்டாக்கியதாக 2005இலும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார். சக்கர நாற்காலியிலிருந்து ஒருவன் எழுந்து தாவுவதைக் காட்டும் முத்திரையை அந்நாட்டு அஞ்சற்றுறை வெளியிட்டது. அவர்கீழ்ப் பணிபுரிந்த இளம் பெண்கள் இருவர் சூல்முட்டை வழங்கியமை முதலில் மறுக்கப்பட்டு, 2005 நவம்பரில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்த சனவரியில், நோயாளர்க்குரிய கல வரிசை ஒன்றேனும் இல்லை எனச் சர்வகலாசாலையின் விசாரணைக் குழு அறிவித்தது. முட்டை தந்தவரைப் பற்றி உண்மை கூறாத ஆய்வுகூடமே முடிபுகளையும் புனைந்தது. அறத்தவறும் அறிவுத்தவறும் அங்கே ஒருமித்து நின்றன.

இதனினும் நுணுகி நோக்கற்குரிய சான்று ஒன்றுண்டு. 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒவ் மெடிசின்' என்னும் சஞ்சிகையின் 2017 மார்ச் 16ஆந் திகதி இதழில் இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. இரண்டும் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியைச் சிதைக்கும் நோய் பற்றியன. இரண்டும் நோயாளரின் சொந்த உடலிலிருந்தே பெற்ற கலங்கள் பற்றியன. முளையம் இரண்டிலும் இல்லை.

முதலாவது அறிக்கை யப்பானின் கோபே நகரத்தது. மசாயோ தக்காஹாஷியும் அவர்தம் குழுவினரும் முதிய பெண்ணொருவரின் தோற்கலங்களைக் குருத்து நிலைக்கு மீட்டு, விழித்திரைக் கலங்களாக வளர்த்து, 2014 செப்தெம்பரில் ஒரு கண்ணில் மட்டும் மெல்லிய படலமாகப் பொருத்தினர். ஓராண்டின் பின் படலம் பழுதின்றி இருந்தது. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை. இரண்டாம் நோயாளர் ஒருவரும் ஆயத்தமாயிருந்தார். அவருடைய கலங்களில் மரபலகு மாற்றங்கள் காணப்பட்டமையால் சிகிச்சை நிறுத்தப்பட்டது. அம்மாற்றங்கள் தீங்கு விளைத்தே தீரும் என்ற நிச்சயம் இருந்ததில்லை. தீங்கு விளைக்கா என்ற நிச்சயமும் இல்லாமையே நிறுத்தத்துக்குப் போதிய காரணமாயிற்று.

இரண்டாவது அறிக்கை அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்தது. அங்கு ஒரு சிகிச்சை நிலையத்தில், 72 முதல் 88 வயது வரையான பெண்கள் மூவர்க்கு, அவர்தம் உடற்கொழுப்பிலிருந்து பிரித்த கலங்கள் குருத்துக் கலம் என்ற பெயரால் 2015இற் கண்ணுள் ஊசிமூலம் செலுத்தப்பட்டன. இரு கண்களிலும் ஒரே நாளிற் செலுத்தப்பட்டன. ஒவ்வொருவரும் 5,000 டொலர் செலுத்தினர். அரசாங்கத்தின் ஆய்வுப் பதிவேட்டில் இடம்பெற்ற ஒரு தலைப்பைக் கண்டு, ஆராய்ச்சியிற் பங்குகொள்வதாகவே நம்பியவரும் அவர்களுள் உண்டு. மூவரும் சிகிச்சைக்கு முன் முற்றாகப் பார்வையிழந்தவரல்லர். சில நாள்களுள் குருதிப் பெருக்கும் விழித்திரை விலகலும் நேர்ந்தன; ஓராண்டின் பின் எஞ்சியது மிகக் குறைந்த பார்வையே. ஒருவர் ஒளியையும் அறியாதவரானார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். கோபேயின் முடிபு ஆரவாரத்துக்கு உரியதன்று; பார்வை மீளவில்லை என்பதை அது மறையாது கூறியது. ஆயினும் எதிர்கால ஆய்வு அதன்மேல் நின்று வளரலாம். புளொரிடாவிலோ அறிவும் விளையவில்லை. நோயாளர் தம்மிடம் எஞ்சியிருந்ததையும் இழந்தனர். இரு கண்களுக்கும் ஒரே நாளில் ஊசியிடும் மருத்துவன், தான் தவறக்கூடும் என்று எண்ணாதவன் ஆகின்றான். ஒரு கண்ணை விட்டுவைத்தலே ஈண்டு அறத்தின் மிக எளிய வடிவமாகும்.

'எச்சரிக்கை என்ற பெயராற் காலம் கடத்தினால் நோயாளர் காத்திருப்பரோ?' என வினவுவாரும் உளர். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. முதுகுத் தண்டு முறிந்து கிடப்பவனிடம் பத்தாண்டு பொறுத்திரு என்பது இலேசான வார்த்தையல்ல. இதனைக் கருதியே யப்பான் 2014இல் நிபந்தனையோடு கூடிய விரைவு அனுமதிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஆனால் அதன்கீழ் 2018இல், முதுகுத் தண்டுக் காயத்துக்குரிய சிகிச்சையொன்று, 13 நோயாளரையே கொண்டதும் ஒப்பீட்டுக் குழு இல்லாததுமான ஆய்வை ஆதாரமாகக்கொண்டு அனுமதி பெற்றது. அறிஞர் பலர் இதனைக் கண்டித்தனர். இயல்பாக நேர்ந்த தேற்றத்தையும் சிகிச்சையால் நேர்ந்த தேற்றத்தையும் ஒப்பீடின்றிப் பிரித்தறிதல் அரிது. சான்று முழுமை பெறுமுன் சிகிச்சை விற்பனைக்கு வருமாயின், ஆராய்ச்சியின் செலவை நோயாளனே கொடுத்து, அதன் ஆபத்தையும் அவனே ஏற்கின்றான்.

பொறுமை வீண்போவதில்லை என்பதற்குச் சான்றுமுண்டு. முளையக் குருத்துக் கலங்களிலிருந்து இன்சுலின் சுரக்கும் கலங்களை வளர்த்துக் கடும் நீரிழிவு நோயாளர்க்குச் செலுத்திய ஆய்வின் முடிபு 2025இல் வெளிவந்தது. முழு அளவு பெற்ற பன்னிருவருள் பதின்மர் ஓராண்டின் பின் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். ஆயினும் அவர்கள் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டியவராயினர் என்பதும் உடன் கூறப்பட்டது. பயனையும் விலையையும் ஒருங்கே கூறுவதாலேயே அவ்வறிக்கை நம்பிக்கைக்குரியதாகின்றது.

ஆகவே, முளையத்தின் நிலை பற்றிய வினா இத்துறையின் அறவினாக்களுள் ஒன்றேயன்றி, அதுவே முழுமையன்று. அவ்வினாவுக்குச் சமயங்களும் நாடுகளும் வெவ்வேறு விடை கூறும். ஆனால், நோயாளனுக்கு உண்மையை உரைத்தல், அவன் சம்மதத்தை அறிந்த சம்மதமாகப் பெறுதல், நிரூபிக்கப்படாததை விலைக்கு விற்காதிருத்தல் ஆகியவற்றிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. குருத்துக் கலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுடன் அமையாது, அது யாருடைய உடலுக்குள், என்ன சொல்லிச் செலுத்தப்படுகின்றது என்றும் கேட்டல் வேண்டும். நாளை மருத்துவராகவும் ஆய்வாளராகவும் வரவிருக்கும் மாணவர்க்கு, கல அமைப்போடு இக்கேள்வியும் சேர்த்துக் கற்பிக்கப்படுதல் அவசியமாகும்.